ரிமோட்டை அமுக்குகிறவர்களா நாம்?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கத்தில் கேட்டபோது, "கவிதை மட்டும் வேண்டாம்ப்பா, அது ஏற்கனவே நிறைய வந்துவிட்டது" என்று கூடவே சொல்லிவிட்டார்கள். ஆகவே மனதில் பட்ட ஒரு கருத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

என் கேள்வி இதுதான். கடைசி வருட ப்ராஜெக்டை நாம் செய்கிறோமா, வாங்குகிறோமா?

மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். மூன்றாமாண்டு வந்ததும் நாம் முதலில் தேடுவது தலைப்பையா, கடையையா? "மக்கா, போன வருசம் சீனியர் வாங்குனாங்கல்லா, அதே கடைதான். ரிப்போர்ட்டும் சேத்தே தந்துருவாங்க" என்று காதில் விழுகிறது. எட்டாயிரம், பத்தாயிரம் என்று விலை. நாலு பேர் பங்கு போட்டுக் கொடுத்தால் ஒரு பெட்டி வருகிறது. உள்ளே போர்டு, வயர், எரிகிற பல்பு எல்லாம் தயார். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு பக்கம் அச்சடித்த தாள்கூட உண்டு! நாம் செய்ய வேண்டிய ஒரே வேலை, அட்டையில் நம் பெயரைப் போடுவதுதான்.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன். அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். நம்மில் பலர் வீட்டு நிலைமையும் இதுதான் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரர் வாய் நோகாமல் சொல்கிற தொகைக்கு, அம்மா எத்தனை நாள் குனிந்த தலை நிமிராமல் இலை வெட்டிச் சுற்ற வேண்டும்? அப்படிக் கொடுத்த காசுக்கு நமக்குக் கிடைப்பது என்ன? திறந்து பார்க்கப் பயப்படுகிற ஒரு பெட்டி!

ஆகவே நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தோம். சின்னதாக ஒன்று செய்வோம், ஆனால் முழுக்க நாமே செய்வோம். எடுத்துக்கொண்ட வேலை இதுதான்: ராஸ்பெரி பை என்கிற குட்டி ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டரில் ஒரு அகச்சிவப்பு ரிசீவரைப் பொருத்தி, பழைய டிவி ரிமோட் சொல்வதை அதற்குப் புரிய வைப்பது. வகுப்பில் சொன்னதும் சிரித்தார்கள். "என்னலே, ரிமோட்டா? தாத்தா காலத்துச் சரக்கு!" என்றார்கள். சிரிக்கட்டும். அந்தத் தாத்தா காலத்துச் சரக்கு என்ன சொல்லித் தந்தது என்று கேளுங்கள்.

முதலில் அந்தப் பலகையைப் பற்றி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க வருகிற பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை உபயோகிக்கத் தெரிகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்ற கவலை எபென் அப்டன் முதலானவர்களுக்கு வந்தது. திறந்து பார்க்கக்கூடிய, கெட்டுப்போனாலும் குடி மூழ்கிப் போகாத ஒரு மலிவுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று நினைத்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. அன்றைய விலை 35 டாலர். உள்ளங்கை அளவுப் பலகையின் ஓரத்தில் வரிசையாகப் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "வா, எதையாவது சொருகிப் பார்" என்று கூப்பிடுகிற மாதிரி! அதிலேயே சின்ன வகையான ஸீரோ மாடலை நாங்கள் நாலு பேரும் பங்கு போட்டு வாங்கினோம். என் பங்கு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு வந்த மாதம் ஆயிரம் ரூபாயிலிருந்து போனது.

அடுத்தது ரிமோட். அதற்குப் பஞ்சமா? 2006ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் எங்கள் தெரு முழுக்க டிவியைக் கொண்டுவந்தது. 2017ல் அரசு கேபிள் செட்டாப் பாக்ஸ் வந்தபோது இன்னொரு ரிமோட்டும் சேர்ந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் எங்கள் மாமா வேலை பார்க்கிறார். சீசன் நேரத்தில் ஐந்தருவியிலும் பேரருவியிலும் குளித்துவிட்டு ஈரக் கையோடு வந்து ரிமோட்டை எடுப்பவர்கள் எத்தனை பேர்! சீசன் முடிந்ததும் வேலை செய்யாத ரிமோட் ஒரு பை நிறையச் சேர்ந்துவிடும். "மாப்ளே, குப்பைல போடத்தான் வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ" என்று மாமா தந்துவிட்டார். கழற்றித் துடைத்துக் காயவைத்து, பட்டன் ரப்பருக்கு அடியில் இருக்கிற கார்பன் பட்டைகளைச் சுத்தம் செய்ததும் பாதிக்கு மேல் உயிர் பெற்றன. உயிர் வந்ததா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம். ரிமோட்டின் நுனியைச் செல்போன் கேமராவுக்கு நேராகக் காட்டிப் பட்டனை அமுக்குங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் லேசான ஊதா நிறத்தில் மினுக்கும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள்.

இங்கேதான் பாடம் ஆரம்பமாகிறது. வெயிலில் அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. ட்யூப் லைட்டில் இருக்கிறது. ஏன், நம் உடம்பே வெப்பத்தை அகச்சிவப்பாக வீசிக்கொண்டுதான் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் ரிமோட்டின் குரலை மட்டும் ரிசீவர் எப்படிப் பிரித்தெடுக்கிறது?

இந்தச் சிக்கல் ரிமோட் பிறந்த அன்றே பிறந்தது. அமெரிக்காவில் ஸெனித் கம்பெனியில் யூஜின் போலி என்பவர் 1955ல் ஃப்ளாஷ்-மாட்டிக் என்ற ரிமோட்டைச் செய்தார். டார்ச் லைட் மாதிரிதான். டிவியின் நாலு மூலையிலும் இருந்த ஒளி உணரிகள் மீது வெளிச்சம் அடித்தால் சேனல் மாறும், சத்தம் நிற்கும். ஆனால் ஜன்னல் வழியே வெயில் விழுந்தாலும் சேனல் மாறிவிடும்! அடுத்த வருடமே, 1956ல், அதே கம்பெனியில் ராபர்ட் அட்லர் ஒளியை விட்டுவிட்டு, காதுக்குக் கேட்காத மீயொலிக்குப் போனார். பல வருடங்கள் கழித்து அகச்சிவப்பு வந்தபோது வெயில் பிரச்சனைக்கும் விடை வந்தது. ஒளியைச் சும்மா எரியவிடாமல், விநாடிக்குச் சுமார் 38,000 தடவை அணைத்து அணைத்து எரிய விடுவது. வெயில் அப்படித் துடிக்காது. ரிசீவருக்குள் இருக்கிற பில்டர், அந்தத் துடிப்பை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தள்ளிவிடும்.

ஏன் 38 கிலோ ஹெர்ட்ஸ்? நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறோம்? ரேடியோ பாடத்தில் சூப்பர்ஹெட் ரிசீவரின் இடைநிலை அதிர்வெண் 455 கிலோ ஹெர்ட்ஸ் என்று மனப்பாடம் செய்து எழுதினோமே, அந்த 455 தான்! பழைய ரிமோட்டைத் திறந்தால் உள்ளே 455 என்று எழுதிய ஒரு ரெசோனேட்டர் பல சமயம் கண்ணில் படும். அதைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். 37.9 வரும். அதுதான் நாம் சொல்கிற 38. பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்த ஒரு எண், உடைந்த ரிமோட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதை எந்தக் கடைக்காரர் நமக்கு விற்பார்?

ரிசீவருக்கு மூன்று கால்தான். ஒன்றுக்கு மின்சாரம், ஒன்று கிரவுண்ட், மூன்றாவது வழியாகச் செய்தி. விலை, சீசன் நேரத்துக் குற்றாலத்தில் இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. ஆனால் மூன்று கால்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. டிசாப் 1738 என்று கடையில் கேட்டால் தருகிற ரிசீவர் 5 வோல்ட்டுக்கானது. ராஸ்பெரி பையின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5 வோல்ட் கொடுத்து அதன் செய்திக் காலை நேரே பின்னில் சொருகினால், வாங்கிய பலகைக்கே ஆபத்து. 3.3 வோல்ட்டிலும் வேலை செய்கிற டிசாப் 38238 என்ற வகை இருக்கிறது. அதை வாங்க வேண்டும். இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் கால் வரிசை வேறு! முதலாவதில் கிரவுண்ட், மின்சாரம், செய்தி என்று வரும். இரண்டாவதில் செய்தி, கிரவுண்ட், மின்சாரம் என்று வரும். டேட்டா ஷீட்டைப் படிக்காமல் சொருகவே முடியாது. இங்கிலீஷில் இருக்கிற அந்தத் தாளை நாலு பேரும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தோம். முழுப் புத்தகத்தைப் பார்த்தால் வருகிற பயம், மூன்று காலுக்கான ஒரு தாளைப் பார்த்தால் வருவதில்லை.

பலகையின் முதல் பின்னில் 3.3 வோல்ட், ஆறாவது பின்னில் கிரவுண்ட், பன்னிரண்டாவது பின்னில் செய்தி. அந்தப் பன்னிரண்டாவது பின்னுக்குத்தான் ஜிபிஐஓ 18 என்று பெயர். மின்சாரக் கம்பியில் 100 ஓம் ரெசிஸ்டரும் ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் போட்டால் இரைச்சல் அடங்கும். பிறகு கான்ஃபிக் கோப்பில் ஜிபிஐஓ-ஐஆர் என்ற ஓவர்லேயைச் சேர்க்க ஒரே ஒரு வரி எழுத வேண்டும். பழைய குறிப்புகளில் லிர்க்-ஆர்பிஐ என்று வேறு பெயர் இருக்கும். லினக்ஸ் கெர்னல் 4.19 வந்தபோது அது எடுக்கப்பட்டுவிட்டது. பார்த்து எழுதுகிறவனுக்கு அந்த இடத்தில் வண்டி நின்றுவிடும். ஏன் நின்றது என்று யோசிக்கிறவனுக்குத்தான் மேலே போக வழி.

இனி ரிமோட்டை அமுக்கினால் திரையில் எண்கள் ஓடும். முதலில் சுமார் 9,000 மைக்ரோ விநாடி ஒளி, அடுத்து 4,500 மைக்ரோ விநாடி மௌனம். "கவனி, பேசப் போகிறேன்" என்று அர்த்தம். அதற்குப் பின் 32 பிட்டுகள். ஒளிக்குப் பின் மௌனம் குறுகியதாக இருந்தால் பூஜ்யம், நீண்டதாக இருந்தால் ஒன்று. என்.இ.சி. முறை என்று இதற்குப் பெயர். இதில் ஒரு அழகு உண்டு. எந்தப் பட்டன் என்று எட்டு பிட்டில் சொன்ன உடனே, அதையே தலைகீழாக்கி இன்னொரு முறை சொல்லும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் 255 வர வேண்டும். வராவிட்டால் செய்தி கெட்டுவிட்டது என்று தள்ளிவிடலாம்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். "லாரில ஏத்துன மூட்டையும் எண்ணணும், தரைல மிச்சம் கிடக்கிற மூட்டையும் எண்ணணும். ரெண்டையும் கூட்டி மொத்தம் வரலன்னா கணக்கு தப்புன்னு அர்த்தம். இதைத்தானே சொல்றே?" என்றார். ஆமாம் அப்பா, இதைத்தான்! ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். நம் படிப்பை வீட்டில் புரியும்படி சொல்ல முடிந்தால்தான், நமக்கே அது புரிந்தது என்று அர்த்தம். பெட்டியில் வாங்கி வந்திருந்தால் அப்பாவிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்?

எங்கள் ஆச்சிக்கு முழங்கால் வலி. ராத்திரி எழுந்து சுவரைத் தடவித் தடவிப் போய்த்தான் லைட்டைப் போட வேண்டும். பலகையோடு ஒரு ரிலேயைச் சேர்த்து, ரிமோட்டின் சிவப்புப் பட்டனுக்கு அந்த லைட்டைக் கட்டினோம். 230 வோல்ட் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. அந்தப் பக்கத்து வயரிங்கை எங்கள் தெரு எலக்ட்ரீசியன் அண்ணன்தான் செய்து கொடுத்தார். முதல் தடவை அமுக்கிப் பார்த்து ஆச்சி சொன்னது: "ஏ ராசா, லைட்டு வந்துட்டுல்லா!" எக்ஸ்டர்னல் போடப் போகிற மார்க் எதுவாக இருந்தாலும் எனக்கு இது போதும்.

இனி நீங்கள் கேட்கப்போகிற கேள்விகளுக்கு வருகிறேன்.

"இதுக்கு எதுக்குலே கம்ப்யூட்டர்? சின்ன மைக்ரோகன்ட்ரோலரே போதுமே?" நியாயமான கேள்வி. லைட் போட மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் ஒவ்வொரு துடிப்பின் நீளத்தையும் திரையில் எண்ணாகப் பார்க்க, லினக்ஸ் பழக, அதே ரிமோட்டில் நாளை பாட்டுப் போட, பலகை உதவுகிறது. அதோடு, எது அதிகம், எது போதும் என்று இன்று நான் வாதாட முடிகிறதே, அது செய்து பார்த்ததால் வந்த தைரியம்.

"அகச்சிவப்பு பழசாச்சே! புளூடூத், வைஃபை காலத்தில்..." வீட்டு ஏசியைப் பாருங்கள். புதிதாக வருகிற பி.எல்.டி.சி. மின்விசிறியைப் பாருங்கள். பெரும்பாலும் அகச்சிவப்பு ரிமோட்தான். ஏசி ரிமோட் ஒவ்வொரு அமுக்கலிலும் வெப்பநிலை, விசிறி வேகம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நீளச் செய்தியாக அனுப்புகிறது. அதைப் பிரித்துப் படிப்பதே இன்னொரு ப்ராஜெக்ட்! பழசைப் பிரித்துப் பார்க்காதவனுக்குப் புதுசு மட்டும் எப்படிப் புரியும்?

"சின்ன ப்ராஜெக்டுக்கு மார்க் போட மாட்டாங்க." இந்தப் பயம்தான் நம்மைக் கடைக்குத் துரத்துகிறது. வாங்குகிற நண்பர்களை நான் குறை சொல்ல மாட்டேன். லேப் சாயங்காலம் பூட்டப்படுகிறது. கடைசி பஸ்ஸை விட்டால் ஊருக்கு நடைதான். டேட்டா ஷீட் இங்கிலீஷில் இருக்கிறது. வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் இல்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பாவோ அக்காவோ சொல்லித் தருவார்கள். நமக்கு நாம்தான். அதனால்தான் சொல்கிறேன், சின்னதாகத் தொடங்க வேண்டியவர்கள் நாம்தான்!

செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டினால் கேரளா. மலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையிலேயே ராஸ்பெரி பை கொடுத்துப் பார்த்தார்கள். 2018ல் "லிட்டில் கைட்ஸ்" என்று பள்ளிக்குப் பள்ளி தொழில்நுட்ப மன்றங்களைத் தொடங்கினார்கள். சாரல் மலையின் இரண்டு பக்கமும்தான் விழுகிறது. நாம் மட்டும் குடை பிடித்து நிற்பானேன்?

வேலை பற்றியும் ஒரு வார்த்தை. 2019ல் மாவட்டமாக ஆன நம் தென்காசியை, வேலைக்கு வெளியூர் போகிறவர்களின் ஊர் என்றுதான் சொல்லி வந்தார்கள். ஆனால் மத்தளம்பாறைக் கிராமத்தில் சோஹோ நிறுவனம் இயங்குகிறது. கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளையும் எடுத்துப் பயிற்சி கொடுக்கிறவர்கள் அவர்கள். அங்கே ஆகட்டும், சென்னையில் ஒரு தொழிற்சாலையில் ஆகட்டும், இன்டர்வியூவில் நம்மிடம் கேட்கப்போவது ஒன்றுதான். "உன் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்." அட்டையில் இருக்கிற தலைப்பு அங்கே நமக்குத் துணைக்கு வராது. எந்தக் கால் எங்கே போகிறது, ஏன் போகிறது என்று சொல்லத் தெரிந்தவனுக்கே அங்கே பேச்சு வரும்.

ஆகவே நம் சங்கத்திடமும் துறையிடமும் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: லேப்பில் ஒரு பழைய பொருள் பெட்டி வேண்டும். உடைந்த ரிமோட், செட்டாப் பாக்ஸ், சார்ஜர் எல்லாவற்றையும் நாமே கொண்டுவந்து போடுவோம். குற்றாலம் லாட்ஜுகளைக் கேட்டால் ஒரே சீசனில் பெட்டி நிரம்பிவிடும்!

இரண்டு: ஒவ்வொரு குழுவும் தான் செய்ததைத் தமிழில் நாலு பக்கம் எழுதி நூலகத்தில் வைக்க வேண்டும். எது ஓடியது, எது ஓடவில்லை, எந்தப் பொருளை எந்த விலைக்கு வாங்கினோம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்த வருடம் வருகிற தம்பி தங்கைகளுக்கு அதுதான் வீட்டில் இல்லாத அண்ணனும் அக்காவும்.

மூன்று: வைவாவில் ஆசிரியர்கள் ஒரு வயரைக் கழற்றிவிட்டு, "இப்போது சரிசெய்" என்று சொல்லட்டும். பத்து நிமிடம் கொடுக்கட்டும். மார்க் அதற்குப் போடட்டும். வாங்கிய பெட்டிகள் அடுத்த வருடமே காணாமல் போகும்!

தோழர்களே, நம் ஊர் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் அங்கே வெட்டிவைத்த கல்வெட்டு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதாவது குறை வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும் அவரை இப்போதே வணங்குகிறேன் என்று ஒரு ராஜா சொல்லியிருக்கிறான். சிதைந்துபோன ராஜகோபுரம் 1990ல் மறுபடி எழுந்து நின்றதே, அப்படிச் சரிசெய்தவர்கள் பின்னால் வரத்தான் செய்தார்கள். கட்டுகிறவனுக்குச் சமமாகச் சரிசெய்கிறவனுக்கும் மரியாதை தந்த ஊரில் பிறந்துவிட்டு, பிரித்துப் பார்க்கத் தெரியாத டிப்ளமோவை வாங்கிக்கொண்டு போகலாமா?

இந்தச் சீசனில் வீட்டில் கிடக்கிற ஒரு பழைய ரிமோட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே 455 இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று இரண்டு பேரும் சேர்ந்தே தேடுவோம்!



– மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை